பூட்டிக் கிடக்கும் இரும்பு

தோட்டப் பக்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது, பாதிக்கு மேல் ஒரே செடியைப் பற்றியவையாக இருந்தன. இட்லிப்பூ என்று சிலர் எழுதியிருந்தார்கள். விருட்சி என்று சிலர். வெட்சி என்ற பழைய பெயரை விடாமல் பிடித்திருப்பவர்களும் இருந்தார்கள். பெயர் எதுவானாலும் முறையீடு ஒன்றுதான்: இலை வெளுக்கிறது, பூ வரவில்லை. ஆகவே பக்கம் முழுவதையும் இந்தச் செடிக்கும், இதைப் போலவே புளிப்பான மண்ணைத் தேடும் கார்டீனியா, கமீலியா, அசேலியா ஆகியவற்றுக்கும் ஒதுக்கிவிட்டேன். நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். எழுதியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: அம்மா, தொட்டியில் இட்லிப்பூ வைத்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வாங்கும்போது இலை கரும்பச்சையாகப் பளபளத்தது. இப்போது வரும் துளிரெல்லாம் எலுமிச்சை மஞ்சளாக இருக்கிறது. நரம்பு மட்டும் பச்சை. மண்புழு உரம், பிண்ணாக்கு, சத்துக் கரைசல் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. கொடுக்கக் கொடுக்க இன்னும் வெளுக்கிறது. என்ன சத்து குறைகிறது?

பதில்: நோயை நீங்களே சரியாக வருணித்துவிட்டீர்கள். புதுத் துளிர் மஞ்சள், நரம்பு பச்சை. இந்த இரண்டு அடையாளமும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் அது இரும்புச்சத்துக் குறைவு. தழைச்சத்தும் மக்னீசியமும் செடிக்குள் இடம் மாறக்கூடியவை. அவை குறைந்தால் செடி தன் பழைய இலைகளிலிருந்து எடுத்துத் துளிருக்குக் கொடுத்துவிடும்; வெளுப்பதும் பழைய இலையாகத்தான் இருக்கும். இரும்பு அப்படி நகராது. ஓர் இலைக்குப் போய்ச் சேர்ந்தது அங்கேயே தங்கிவிடும். அதனால்தான் பிறந்த குழந்தை சோகையோடு பிறக்கிறது. மூத்த இலைகள் பச்சையாகவே நிற்கின்றன.

ஆனால் உங்கள் மண்ணில் இரும்பு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பூமியின் மேலோட்டில் மிகுதியாக உள்ள தனிமங்களில் இரும்பு நான்காவது. ஒரு தொட்டி மண்ணில் இருக்கும் இரும்பில் மிகச் சிறு பங்கு கிடைத்தாலே உங்கள் செடிக்குப் போதும். அந்தச் சிறு பங்கும் வேருக்குக் கிடைக்காமல் பூட்டிக் கிடக்கிறது. பூட்டுவது மண்ணின் காரத்தன்மை.

மண்ணின் புளிப்பையும் காரத்தையும் பி.எச். என்ற அளவால் குறிக்கிறார்கள். 7 என்பது நடுநிலை; அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். இந்த அளவில் ஓர் எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது என்று பொருள். இட்லிப்பூவுக்கு 5 முதல் 6 வரை இருந்தால் மகிழ்ச்சி. இரும்போ, பி.எச். ஓர் எண் கூடும்போதெல்லாம் மண்ணீரில் கரையும் அளவில் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு குறைகிறது. 6-இல் பசுமையாக இருக்கும் செடி 8-இல் ஏன் பட்டினி கிடக்கிறது என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

இந்தக் காரம் உங்கள் தொட்டிக்கு எங்கிருந்து வந்தது? நீங்கள் ஊற்றும் தண்ணீரிலிருந்துதான் என்று நான் அடித்துச் சொல்வேன். தண்ணீர் கொதிக்கவைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு பிடிக்கிறதா? தொட்டியின் வெளிவிளிம்பில் வெள்ளை வளையம் தெரிகிறதா? அது சுண்ணாம்பு. ஒரு லிட்டர் கடின நீரில் 300 மில்லிகிராம் சுண்ணாம்புக்கு நிகரான காரம் இருப்பது சாதாரணம். நாளுக்கு 2 லிட்டர் ஊற்றினால் ஆண்டுக்கு 200 கிராமுக்கு மேல். யாராவது ஒரு பொட்டலம் சுண்ணாம்பைக் கொண்டுவந்து உங்கள் இட்லிப்பூத் தொட்டியில் கொட்டினால் சும்மா இருப்பீர்களா? குடத்தில் வரும்போது அது கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இதை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரே தாய்ச்செடியிலிருந்து இரண்டு போத்துகள் (நடுவதற்காக வெட்டிய கிளைத் துண்டுகள்) எடுத்து, ஒரே நாளில், ஒரே கலவையில் இரண்டு தொட்டிகளில் வைத்தேன். ஒன்றைக் கண்ணெதிரே இருக்கட்டும் என்று வாசற்படியருகே வைத்துத் தினமும் கிணற்று நீர் ஊற்றினேன். மற்றொன்றுக்கு இடமில்லை, கூரை நீர் வழியும் குழாயின் அடியில், கழுவும் வாளிக்குப் பக்கத்தில் ஒதுக்கி வைத்தேன். மழை பெய்தால் அதற்குத் தண்ணீர். பெய்யாவிட்டால் வாளியில் பிடித்து வைத்த மழைநீர், அதன் நினைவு வரும்போது. மூன்றாம் ஆண்டு வாசற்படிச் செடி வெளிறி, துளிர் நுனி கருகி நின்றது. ஒதுக்கி வைத்த செடி கறுப்போ என்று சொல்லும்படி பச்சை கட்டி, கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது. நான் அதிகம் நேசித்த செடிக்குத்தான் தினமும் சுண்ணாம்பு ஊற்றியிருக்கிறேன். அன்று இரண்டு தொட்டிகளுக்கும் நடுவில் நின்று நெடுநேரம் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. இடத்தை மாற்றி வைத்தேன். வாசற்படிச் செடியின் அடுத்த துளிர் ஓரளவு தெளிந்தது. அதற்கடுத்தது பச்சையாகவே வந்தது.

ஆகவே உரத்தை நிறுத்துங்கள். தொட்டியின் அடித்துளை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். நீர் தேங்கி வேருக்குக் காற்று இல்லாவிட்டாலும் இதே மஞ்சள் வரும். துளை சரியாக இருந்தால் மழைநீரைச் சேமியுங்கள். காற்றிலுள்ள கரியமில வாயு கரைவதால் தூய மழைநீரே 5.6 அளவில் இலேசான புளிப்போடு வருகிறது. இந்தச் செடி கேட்பதும் ஏறத்தாழ அதையேதான். முழுவதும் மழைநீர் கிடைக்காதென்றால் பாதிக்குப் பாதி கலந்தாலும் சுமை பாதியாகிறது. மழைக்காலத்தில் தொட்டியைத் தாழ்வாரத்துக்குள் இழுத்து வைக்காதீர்கள், நனையட்டும்.

உடனடி நிவாரணத்துக்கு அன்னபேதி உப்பு, அதாவது இரும்பு சல்பேட், இருக்கிறது. 1 லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதியும் 1 கிராம் எலுமிச்சை உப்பும் (சிட்ரிக் அமிலம்) கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் இருபுறமும் நனையத் தெளியுங்கள். செடி மிகவும் நலிந்திருந்தால் முதல் முறை பாதி அளவு போதும். இல்லையென்றால் இலை கருகும். கரைசல் வெளிர் பச்சையாக இருக்க வேண்டும். பழுப்பாகிவிட்டால் இரும்பு துருவாக மாறிவிட்டது. கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். தரையிலும் சுவரிலும் பட்டால் கறை போகாது. 10 முதல் 15 நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளிக்கலாம். இதனால் இலை பச்சையாகும், மண் திருந்தாது. மண்ணைத் திருத்தாமல் தெளிப்பை மட்டும் நம்பினால் ஒவ்வொரு துளிருக்கும் நீங்கள் தெளிப்பானைத் தூக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: அன்னபேதியை மண்ணிலேயே போட்டால் என்ன? எங்கள் பாட்டி துருப்பிடித்த ஆணிகளைச் செடியடியில் புதைப்பார்.

பதில்: பாட்டி செய்தது பாட்டியின் மண்ணில் பலித்திருக்கலாம். காரமான மண்ணில் அன்னபேதி சில நாள்களிலேயே துருவாகிவிடும். ஆணியோ முதலிலிருந்தே துரு. மண்ணில் ஏற்கெனவே பூட்டிக் கிடக்கும் இரும்பும் கிட்டத்தட்ட அதே வடிவம்தான். நிரம்பிய கிடங்கில் இன்னொரு மூட்டை.

மண்ணில் கொடுக்க வேண்டுமென்றால் கீலேட் வடிவ இரும்பைக் கேட்டு வாங்குங்கள். கரிம மூலக்கூறு ஒன்று நண்டு தன் கொடுக்கால் பிடிப்பதுபோல் இரும்பைப் பிடித்துக்கொண்டு, மண்ணிடம் சிக்காமல் வேர்வரை கொண்டுபோகும். இதிலும் வகைகள் உண்டு. உறையில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் வாங்காதீர்கள். ஈ.டி.டி.ஏ. வகை பி.எச். 6 அல்லது 6.5 வரைதான் பிடியை விடாமல் இருக்கும். டி.டி.பி.ஏ. வகை 7-ஐச் சற்றுத் தாண்டும். ஈ.டி.டி.எச்.ஏ. வகை 9 வரைகூடத் தாங்கும். கரைத்தால் ஆழ்ந்த சிவப்பாக இருக்கும். மலிவாக இருக்கிறதென்று முதல் வகையை வாங்கிச் சுண்ணாம்பு மண்ணில் ஊற்றிவிட்டு, "பயனில்லை" என்று எழுதுகிறவர்கள் பலர். அளவு உறையில் உள்ளபடியே இருக்கட்டும்.

கேள்வி: எலுமிச்சைச் சாறு, வினிகர், காபித்தூள் சக்கை ஆகியவற்றால் மண்ணைப் புளிப்பாக்கலாம் என்கிறார்களே? நான் மூன்றையும் செய்துவருகிறேன்.

பதில்: காபிக் கொட்டையின் புளிப்பில் பெரும்பகுதி நீங்கள் குடித்த காபியோடு போய்விடுகிறது. சக்கை ஏறத்தாழ நடுநிலையில்தான் இருக்கும். மக்கவைத்துச் சிறிதளவு சேர்க்கலாம். பச்சையாகத் தடிமனாகப் பரப்பினால் கட்டிதட்டி, நீர் இறங்காமல் தடுத்துவிடும்.

எலுமிச்சையும் வினிகரும் மண்ணைத் தொட்ட கணத்தில் புளிப்பாக்குவது உண்மை. ஆனால் அவை நுண்ணுயிர்களுக்கு உணவு. சில நாள்களில் தின்று தீர்த்துவிடும். மண் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நீங்கள் சற்றே பொறுமையிழந்து அளவைக் கூட்டினால் வேர் வெந்துவிடும். எலுமிச்சையை நிறுத்துங்கள், தயவுசெய்து.

புளிப்பு நிலைத்திருக்க வேண்டுமென்றால் அம்மோனியம் சல்பேட் உரத்தைச் சிறிதளவில் பயன்படுத்துங்கள். அதிலுள்ள அம்மோனியத்தை மண்ணின் பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் பிறக்கிறது. செடிக்குத் தழைச்சத்தும் கிடைக்கிறது. 1 லிட்டருக்கு 1 கிராம், ஈரமான மண்ணில், மாதம் இருமுறை. அதற்குமேல் கை போகக் கூடாது.

இதோடு ஒரு வேண்டுகோள். நீங்கள் கடிதத்தின் இறுதியில் "முட்டை ஓடும் விறகுச் சாம்பலும் போடுகிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். முட்டை ஓடு சுண்ணாம்பேதான். சாம்பலோ அதைவிட வேகமாகக் காரமாக்கும். ஒரு கையால் புளிப்பும் மறு கையால் சுண்ணாம்பும் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். தக்காளிக்கோ வேறு காய்கறிக்கோ வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நிலத்தில், மதிற்சுவரை ஒட்டி வரிசையாகப் பதினைந்து செடிகள் வைத்தேன். கந்தகத் தூள் போட்டால் மண் அமிலமாகும் என்று படித்தேன். எவ்வளவு போடவேண்டும்?

பதில்: "எவ்வளவு" என்பதற்கு முன் "போடலாமா" என்று பார்க்க வேண்டும். ஒரு கரண்டி உலர்ந்த மண்ணில் கொஞ்சம் வினிகரை விடுங்கள். பொங்கி நுரைத்தால் மண்ணில் சுண்ணாம்பு தனியாகவே இருக்கிறது.

நுரைக்காத மண் என்றால் கந்தகம் நல்ல மருந்து. மண்ணிலுள்ள பாக்டீரியா அதை மெல்ல மெல்லக் கந்தக அமிலமாக மாற்றும். அந்த உயிர்களுக்கு வெதுவெதுப்பும் ஈரமும் காற்றும் வேண்டும். சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை பிடிக்கும். பொறுமையில்லாமல் மறுபடி மறுபடி போட்டுவிட்டு, எல்லாம் ஒன்றாக வேலை செய்யத் தொடங்கும்போது தவிப்பவர்கள் உண்டு. மண்ணைச் சோதனைக்குக் கொடுத்து, அளவு கேட்டுப் போடுங்கள்.

நுரைக்கும் மண் என்றால் ஒரு கணக்குச் சொல்கிறேன். 100 கிராம் சுண்ணாம்பைக் கரைக்க 32 கிராம் கந்தகம் வேண்டும். 10 கிலோ மண்ணில் நூற்றுக்கு 5 பங்கு சுண்ணாம்பு இருந்தால், அது அரைக் கிலோ. அதை மட்டும் தீர்க்க 160 கிராம் கந்தகம். அதன்பிறகுதான் மண் புளிக்கவே தொடங்கும். இதை ஒரு தொட்டிக்குச் செய்வதே வேர்களுக்கு ஆகாது. பதினைந்து செடிக்கு, சுற்றிலுமிருந்து மேலும் சுண்ணாம்பு ஊறிவரும் நிலத்தில், நடக்கிற காரியமில்லை.

உங்கள் விஷயத்தில் குற்றவாளி மதிற்சுவர் என்றே எனக்குப் படுகிறது. கட்டடம் கட்டும்போது சிந்திய சிமெண்டும் உடைந்த பூச்சும் சுவரடியில்தான் புதையும். ஒவ்வொரு மழையிலும் சுவரிலிருந்து சுண்ணாம்பு இறங்கும். சுவரிலிருந்து முக்கால் மீட்டர், முடிந்தால் ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். மண் நுரைக்கிறதென்றால் தரைக்கு மேலே ஒன்றரையடி உயரத்துக்குப் பாத்தி எழுப்பி, கலவை மண் நிரப்பி அதில் வையுங்கள். நான் பயன்படுத்தும் கலவை: மக்கிய தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, இலைமக்கு ஒரு பங்கு, சுண்ணாம்பில்லாத செம்மண் ஒரு பங்கு. நார்க்கழிவில் உப்பு இருக்கும். நல்ல நீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்து வடித்துவிட்டுச் சேர்க்க வேண்டும். தொட்டியாக இருந்தால் புதுச் சிமெண்ட் தொட்டி வேண்டாம். சுட்ட மண் தொட்டியே நல்லது.

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன், அம்மா. பி.எச். கருவி வாங்க வசதியில்லை. வீட்டிலேயே மண்ணைச் சோதிக்க வழி உண்டா?

பதில்: உண்டு, தம்பி. ஐந்தாறு சிவப்புச் செம்பருத்திப் பூக்களின் இதழ்களை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டுங்கள். அந்தச் சாறு அமிலத்தில் ஆழ்ந்த இளஞ்சிவப்பாகும், காரத்தில் பச்சையாகும். ஒரு பங்கு மண்ணை இரண்டு பங்கு வாலைவடிநீரில் (காய்ச்சி வடித்த நீர்) கலக்கி, அரைமணி நேரம் தெளியவிட்டு, மேலே நிற்கும் நீரில் சில துளிகள் சாற்றை விட்டுப் பாருங்கள். குழாய் நீரைப் பயன்படுத்தினால் குழாய் நீரைத்தான் சோதிப்பீர்கள். 5.5-க்கும் 6.5-க்கும் உள்ள வேறுபாட்டை இது சொல்லாது. நல்ல காரமா இல்லையா என்பதைச் சொல்லும். எண் வேண்டுமென்றால் பி.எச். தாள் போதும். பக்கத்தில் மற்றொரு கிண்ணத்தில் நீங்கள் செடிக்கு ஊற்றும் நீரையும் வைத்துச் சோதியுங்கள். என்ன நிறம் வந்தது என்று எனக்கு எழுதுங்கள், தெரிந்துகொள்ள ஆசை.

கேள்வி: என் இட்லிப்பூ பச்சையாக, வளமாக இருக்கிறது, பூதான் இல்லை. உருண்டையாக அழகாக இருக்கட்டும் என்று மூன்று வாரத்துக்கு ஒருமுறை கத்தரித்துவிடுகிறேன்.

பதில்: காரணத்தைக் கடைசி வரியில் எழுதிவிட்டீர்கள். இந்தச் செடி புதிதாக வளர்ந்த கிளையின் நுனியில்தான் பூங்கொத்து வைக்கும். ஒரு கொத்தில் 60 பூக்கள் வரைகூட வரும். நுனி முதிர்ந்து அரும்பு கட்டும் வேளையில் கத்தரிக்கோல் வந்துவிடுகிறது. அது எப்போது பூக்கும்?

ஆண்டுக்கு ஒருமுறை, பெரிய பூப்புப் பருவம் முடிந்ததும், கடுங்குளிரோ கடும் வெயிலோ இல்லாத நாளில், செடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் கவாத்துச் செய்யுங்கள். மற்ற நாள்களில் வாடிய கொத்தை மட்டும் அதன் கீழுள்ள முதல் இலை ஜோடிக்கு மேலே கிள்ளிவிட்டால் போதும். அங்கிருந்து இரண்டு கிளைகள் பிரியும். ஒரு கொத்து இருந்த இடத்தில் இரண்டு. நாளுக்கு ஐந்தாறு மணி நேரமாவது நேரடி வெயில் படவேண்டும். நிழலில் இலைதான் செழிக்கும்.

கேள்வி: பழைய இலைகளில் ஊதாவும் பழுப்புமாகப் புள்ளிகள். பூச்சிமருந்து அடித்தும் போகவில்லை.

பதில்: பழைய இலை என்பதைக் கவனியுங்கள். சாம்பல்சத்தும் மணிச்சத்தும் குறைந்தால் இட்லிப்பூவில் இப்படி வரும். மருந்தை நிறுத்திவிட்டு, தழை, மணி, சாம்பல் ஆகிய மூன்று சத்துகளும் சேர்ந்த மெதுவாகக் கரையும் உரத்தைக் கொஞ்சமாகக் கொடுங்கள். புள்ளி விழுந்த இலை மாறாது. அடுத்து வருவது சுத்தமாக இருக்கும்.

கேள்வி: செடியில் எறும்புக் கூட்டம். இலை கரிபிடித்தாற்போல் இருக்கிறது. எறும்புப் பொடி தூவலாமா?

பதில்: எறும்பைப் பின்தொடர்ந்து போங்கள். கிளைக்கவட்டில் வெள்ளைப் பஞ்சாக மாவுப்பூச்சியோ, தண்டில் பழுப்புச் செதிலாகச் செதில் பூச்சியோ இருக்கும். அவை சாற்றை உறிஞ்சி இனிப்பு நீரை வெளியேற்றுகின்றன. எறும்பு அதற்காக வருகிறது. வந்து அவற்றைக் காவலும் காக்கிறது. சொட்டிய இனிப்பில் வளர்வதுதான் அந்தக் கரும்பூஞ்சணம். முதலில் நீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். பிறகு 1 லிட்டருக்கு 5 மில்லிலிட்டர் வேப்ப எண்ணெயும் சில துளி மென்சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில், இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம். பூச்சி போனால் எறும்பும் போகும்.

கேள்வி: குளிர்ந்த பகுதியில் வசிக்கிறோம். அசேலியாவும் கமீலியாவும் வைத்திருக்கிறேன். களை கொத்தி, மண்ணைக் கிளறி நன்றாகத்தான் கவனிக்கிறேன். மொட்டு ஏராளமாக வைக்கிறது, விரியாமல் உதிர்கிறது. கார்டீனியாவும் அப்படியே.

பதில்: கொத்துவதை இன்றே நிறுத்துங்கள். அசேலியாவின் வேர் மயிரிழைபோல மெல்லியது. மேல்மண்ணில் ஓரடிக்குள்ளேயே பெரும்பகுதி பரவியிருக்கும். அசேலியாவும் சேர்ந்த ரோடோடென்ட்ரான் குடும்பத்துச் செடிகளின் மெல்லிய வேருக்குள் ஒரு பூஞ்சை குடியிருந்து சத்தைத் தேடித் தருகிறது. கொத்தும்போது வேர், பூஞ்சை இரண்டையும் அறுத்தெறிகிறீர்கள். களையைக் கையால் பறித்துவிட்டு, 5 முதல் 8 சென்டிமீட்டர் கனத்துக்கு இலைமக்கோ மரப்பட்டைத் துண்டோ மூடாக்காகப் போடுங்கள். தண்டை ஒட்டிக் குவிக்கக் கூடாது. நாலு விரல் இடைவெளி இருக்கட்டும். நடும்போதும் வேர்க்கட்டியின் மேற்பரப்பு தரைமட்டத்துக்குச் சற்று மேலேயே நிற்க வேண்டும். ஆழப் புதைத்தால் மூச்சுத் திணறிச் சாகும் செடிகளில் அசேலியா முதலாவது.

மொட்டு உதிர்வதற்குக் காரணம் மூன்றுக்கும் வேறு வேறு. கமீலியா அடுத்த பருவத்து மொட்டைக் கோடையிலேயே கட்டத் தொடங்கிவிடுகிறது. கோடையின் பிற்பகுதியில் ஒருமுறை மண் காய்ந்து போனாலும், அதற்கான தண்டனையை மாதங்கள் கழித்து மொட்டுதிர்வாகத் தரும். அப்போது நீங்கள் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை. காலை வெயில் உறைபனி படிந்த மொட்டின்மேல் நேரே விழுந்தாலும் கருகும். காலையில் நிழல் தரும் இடம் பாருங்கள். அசேலியாவிலும் மொட்டு முன்கூட்டியே உருவாகிறது. ஆகவே இவ்விரண்டையும் பூ முடிந்த கையோடு கவாத்துச் செய்துவிட வேண்டும். தாமதித்து வெட்டினால் அடுத்த ஆண்டுப் பூவைத்தான் வெட்டுகிறீர்கள்.

கார்டீனியா சலனத்தைப் பொறுக்காத செடி. மொட்டோடு இருக்கும்போது இடம் மாற்றினால் உதிர்க்கும். காற்று வறண்டால் உதிர்க்கும். ஒருநாள் காய்ந்து மறுநாள் வெள்ளமானால் உதிர்க்கும். இரவு வெப்பம் 15 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் மொட்டு நிற்கும். மொட்டு விட்டபின் தொட்டியைத் திருப்பிக்கூட வைக்காமல் ஒரே இடத்தில் விட்டுப் பாருங்கள்.

கார்டீனியாவும் இட்லிப்பூவும் காபிச் செடியின் குடும்பம். கமீலியா தேயிலைச் செடியின் உடன்பிறப்பு. நாம் நாள்தோறும் பருகும் இரண்டின் உறவினர்களும் ஒரே புளிப்பு மண்ணுக்கு ஏங்குவது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும்.

கேள்வி: வீட்டில் ஆடும் நாயும் உண்டு. அசேலியா நச்சுச்செடி என்கிறார்களே?

பதில்: ஆம். அசேலியா, ரோடோடென்ட்ரான் இரண்டின் இலை, பூ, தேன் எல்லாவற்றிலும் கிரேயனோடாக்சின் என்ற நஞ்சு உண்டு. ஆடு சில வாய் மேய்ந்தாலே வாந்தியெடுத்துத் துவளும். கவாத்துச் செய்த கிளைகளை ஆட்டின் பக்கம் எறியாதீர்கள். தின்றுவிட்டது என்று தெரிந்தால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

கேள்வி: என் அம்மா வைத்த இட்லிப்பூ. இருபது வயது இருக்கும். அம்மா போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இந்த வீட்டைக் காலி செய்யப்போகிறோம். செடியைப் பெயர்த்து எடுத்துப் போகலாமா? பிழைக்குமா?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், அம்மா. இருபது வயதுச் செடியைப் பெயர்ப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். வேரில் பாதிக்கு மேல் நிலத்திலேயே நின்றுவிடும். பெயர்த்துப் பார்க்கலாம், அதற்குமுன் போத்து எடுத்துவிடுங்கள். போத்திலிருந்து வருவது உங்கள் அம்மாவின் செடியேதான். விதையில் வருவது போல வேறொன்றாகாது. அதே நிறம், அதே கொத்து.

மிகவும் இளசாகவும் இல்லாமல் முற்றிய கட்டையாகவும் இல்லாமல், வளைத்தால் வில்லாக வளைந்து படக்கென்று முறியும் பருவத்துக் கிளையாகப் பாருங்கள். பூவும் மொட்டும் இல்லாத கிளை. விடியற்காலையில், 10 முதல் 15 சென்டிமீட்டர் நீளத்தில், கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டுங்கள். அடியிலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே இரண்டு ஜோடி மட்டும் விடுங்கள். இலை பெரிதாக இருந்தால் பாதியாக நறுக்கிவிடலாம். நார்க்கழிவும் ஆற்று மணலும் சமமாகக் கலந்து ஈரமாக்கி, ஒரு கணுவாவது உள்ளே போகும்படி செருகி, அழுத்திவிடுங்கள். ஊற்றுவது மழைநீராகவே இருக்கட்டும். மேலே கண்ணாடித்தாள் உறையைக் கவிழ்த்து, வெளிச்சமுள்ள நிழலில் வையுங்கள். நான்கு முதல் எட்டு வாரம் ஆகும். வேர் வந்ததா என்று பிடுங்கிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். மெல்லத் தொட்டு அசைத்தால் இடங்கொடாமல் நிற்கும், நுனியில் புதுத் துளிர் தெரியும். அப்போது தெரிந்துகொள்ளலாம்.

ஒன்றிரண்டோடு நிறுத்தாதீர்கள். பன்னிரண்டு வையுங்கள், சில அழுகும். பிழைத்தவற்றில் உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை உடன்பிறந்தவர்களுக்குக் கொடுங்கள். வீடு மாறும் நாளுக்கு மூன்று மாதம் இருக்கிறதென்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வாரமே வெட்டினால் வேர்பிடித்த கன்றுகளோடு புறப்படலாம்.